எட்டுக் கிலோ போச்சு, பெல்ட் மட்டும் அதே ஓட்டையில்

2024 ஜனவரியில் டயட் ஆரம்பித்தபோது என் எடை 79.2 கிலோ, மே கடைசியில் 71.4. இருபது வாரத்தில் 7.8 கிலோ. வீட்டில் ஆரம்பித்து ஆபீஸ் வாட்ச்மேன் வரைக்கும் எல்லோரும் கவனித்தார்கள், கவனித்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "என்னப்பா இப்படி வத்திப் போயிட்ட, சுகர் ஏதும் வந்துடுச்சா?" கன்னம் ஒட்டிவிட்டது, கழுத்தெலும்பு தெரிந்தது, கைக்கடிகாரம் மணிக்கட்டில் வளையல் மாதிரி சுற்றியது. தொப்பை மட்டும் அப்படியே. பெல்ட் அதே மூன்றாவது ஓட்டை.

ஒரு ராத்திரி பொறுக்கமாட்டாமல் மனைவியின் தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து தொப்புளுக்கு நேராகச் சுற்றிப் பார்த்தேன். 39 இஞ்ச். எனக்குத் தலை சுற்றியது. பத்து வருஷமாக நான் போடுவது 36 பேன்ட். அப்படியானால் என் இடுப்பு 36 என்றுதானே அர்த்தம்? எட்டுக் கிலோ குறைந்து இடுப்பு மூன்று இஞ்ச் ஏறியிருக்கிறது என்றே அன்றைக்கு நம்பினேன். மறுநாள் காலை கோபத்தில் ஆறு பூரி சாப்பிட்டேன், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு என்ன தெரியவந்தது, எதை மாற்றினேன், என்ன ஆனது என்பதைத் தேதி, அளவோடு எழுதி வைக்கிறேன். என் ஒருவனுடைய உடம்புதான், எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் "வெயிட் குறையுது, வயிறு குறையல" என்று நாலாவது மாசத்தில் டயட்டைத் தூக்கி எறிந்த மூன்று பேரை எனக்கே தெரியும்.

முதலில் ஆள் விவரம். வயது 44, உயரம் 168 செ.மீ., கணக்கு எழுதுகிற வேலை, நாளெல்லாம் நாற்காலி. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற பிஎம்ஐ கணக்கு ஆரம்பத்தில் 28, மே கடைசியில் 25.3. டயட் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நானே யோசித்தது. காலை மூன்று தோசை போய் இரண்டு இட்லி, மதியம் ஒரே ஒரு கரண்டி சோறு, காய், ரசம், மோர், சாயங்கால பஜ்ஜி, சர்க்கரை எல்லாம் கட், ராத்திரி ஓட்ஸ் கஞ்சி. கொழுப்பு என்று பயந்து கறியையும் நிறுத்தினேன், முட்டையையும் நிறுத்தினேன். தினமும் 40 நிமிஷம் நடை. எல்லாம் சேர்த்து சுமார் 1,200 கலோரி இருக்கும்.

குட்டு உடைந்தது டெய்லர் கடையில். நாலு பேன்ட்டும் தொளதொளவென்று தொங்குகிறதே, பிடித்துக் கொடுங்கள் என்று எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் தெரு டெய்லர் அண்ணன் பழைய காலத்து ஆள், வாடிக்கையாளர் அளவையெல்லாம் நீள நோட்டில் எழுதி வைத்திருப்பார். 2023 தீபாவளிக்குத் தைத்த பக்கத்தைப் புரட்டினார்: இடுப்பு 37, சீட் 42, தொடை 25. இப்போது மறுபடி அளந்தார்: இடுப்பு 36¼, சீட் 39½, தொடை 23. அளந்துவிட்டு அவர் சொன்னது: "சார், சீட்ல ரெண்டரை இஞ்ச் பிடிக்கணும், தொடையில ரெண்டு இஞ்ச் பிடிக்கணும். இடுப்புல எடுக்க ஒண்ணுமே இல்ல."

இதைத்தான் எடை மெஷின் ஐந்து மாசமாக என்னிடம் சொல்லவில்லை. எட்டுக் கிலோ எங்கிருந்து போயிற்று என்று அந்த நோட்டில் மூன்றே வரியில் இருந்தது. தொடையிலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் போயிருக்கிறது.

39 சமாச்சாரத்தையும் அவரிடம் சொன்னேன், சிரித்துவிட்டார். "வயித்துக்குக் கீழ பெல்ட் போடுற ஆளுக்கு ஆயுசுக்கும் 36 தான் சார். தொப்பை மேல தொங்கிக்கிட்டு இருக்கும், பேன்ட் கீழ நிக்கும்." உண்மைதான். என் அப்பா வேட்டியைத் தொப்புளுக்கு மேலே கட்டுவார், அவருக்குத் தொப்பை விழுந்தது வேட்டி முனை குட்டையானதிலேயே தெரிந்துவிட்டது. பேன்ட் போடுகிறவனுக்கு அப்படி ஒரு எச்சரிக்கை கிடையாது. போதாததற்கு ரெடிமேட் கம்பெனிகள் 36 என்று லேபிள் ஒட்டியதை அளந்து பார்த்தால் 37, 38 கூட இருக்கும். வாங்குகிறவன் சந்தோஷப்படட்டும் என்று விடுகிற தாராளம் அது. ஆக, நான் 'முன்பு' என்று நினைத்தது ஒரு இடத்து அளவு, 'பின்பு' என்று நினைத்தது வேறொரு இடத்து அளவு. இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டுப் பூரி தின்றிருக்கிறேன்.

சரி, தொப்புள் நேர் அளவு முன்பு என்ன? அதுவும் வீட்டிலேயே இருந்தது. 2023 டிசம்பரில் ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு ஹெல்த் செக்கப் செய்தார்கள். அந்த ஃபைலில் சுகர், கொலஸ்ட்ரால் வரியைத் தவிர வேறெதையும் நான் படித்ததில்லை, நம்மில் யார்தான் படிக்கிறோம். முதல் பக்கத்திலேயே நர்ஸ் கையெழுத்தில் வயிற்றுச் சுற்றளவு 103 செ.மீ. தொப்புள் நேரில் அளந்ததாக எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பனியனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார் என்பதால். 39 இஞ்ச் என்றால் 99 செ.மீ. ஆக 4 செ.மீ. குறைந்துதான் இருக்கிறது!

அந்த 4 செ.மீ. ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்கு எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். சுற்றளவு என்பது 2π மடங்கு ஆரம். வயிற்றைச் சுற்றிலும் ஒரே சீராக 1 செ.மீ. கனம் குறைந்தால் டேப்பில் 6.28 செ.மீ. குறையும். டேப்பில் 4 குறைந்தது என்றால் சுற்றிலும் உரிந்தது ஆறு மில்லிமீட்டர் சொச்சம்தான். தினமும் காலையில் பார்க்கிற கண்ணாடியில், ஐந்து மாசத்தில் மெல்ல மெல்லப் போன ஆறு மில்லிமீட்டரை யாராலும் பார்க்க முடியாது. முகத்தில் போனால் தெரியும், ஏனென்றால் அங்கே இருந்ததே கொஞ்சம்.

ஆனாலும் எட்டுக் கிலோவுக்கு நாலு செ.மீ. குறைச்சல்தான். கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. என்று பொதுவாகச் சொல்வார்கள், எனக்குப் பாதிதான் வந்திருக்கிறது. மீதி எங்கே?

கொஞ்சம் தண்ணீரில். என் நோட்டில் முதல் இரண்டு வாரத்திலேயே 2.9 கிலோ குறைந்திருக்கிறது, அப்போது நான் ஆபீஸில் இனிப்பு வாங்கிக் கொடுக்காத குறை. சோறு, இட்லி, சர்க்கரையைக் குறைத்தால் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கிற கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு முதலில் செலவாகும். தசையில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரையாவது பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகும், கூடவே ஊறுகாய், பஜ்ஜி நின்றதால் உப்புத் தண்ணீரும் போகும். மெஷினுக்கு எல்லாம் கிலோதான். தொப்பைக்கும் அந்தத் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. ஆக முதல் பதினைந்து நாள் சந்தோஷத்தில் பெரும்பகுதி பாத்ரூமில் போனது.

அடுத்தது தசை, இதுதான் எனக்கு வலித்த இடம். உடற்பயிற்சி இல்லாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை குறைப்பவர்களுக்கு, போகிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத பகுதி என்பது ஊட்டச்சத்துக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நடை என்பது நல்லதுதான், ஆனால் தொடைக்கு "நீ எனக்கு வேண்டும்" என்று சொல்லுகிற அளவுக்குப் பாரம் அதில் இல்லை. அதோடு புரதம். அந்த மே மாசத்துச் சாப்பாட்டை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் நாளுக்கு 35 கிராம் தாண்டவில்லை. நம் சாம்பாரைப் பருப்பு என்று நம்புவது நமக்குள்ள ஒரு மூடநம்பிக்கை, ஒரு கிண்ணத்தில் மூன்று நாலு கிராம் புரதம் இருந்தால் பெரிது, மீதி புளித்தண்ணியும் முருங்கைக்காயும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் சாதாரண ஆளுக்கே உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் சொல்கிறது, எனக்கு அது சுமார் 60 கிராம். எடை குறைக்கிறவர்களுக்கு 1.2 கிராமும் அதற்கு மேலும் சொல்கிறார்கள். நான் பாதியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். தொடை இரண்டு இஞ்ச் போனதில் எத்தனை கொழுப்பு, எத்தனை தசை என்று டெய்லர் டேப் பிரித்துச் சொல்லாது. ஆனால் மாடிப்படி ஏறும்போது முட்டிக்கு மேலே நடுங்கியது எனக்குத் தெரியும், 79 கிலோவில் அந்த நடுக்கம் இல்லை.

இந்த இடத்தில் டாக்டரிடம் போனேன். கை கால் மெலிந்து வயிறு மட்டும் அப்படியே இருந்தால் போய்க் காட்டத்தான் வேண்டும். அவர் படுக்க வைத்து வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தார், ஒருபக்கமாகத் திரும்பச் சொல்லி மறுபடி தட்டினார். மகோதரம் என்று பழைய ஆட்கள் சொல்கிற, வயிற்றில் நீர் கோர்க்கிற நோய் இருந்தால் அந்தச் சத்தம் இடம் மாறுமாம். மூட்டு வலி, ஆஸ்துமாவுக்கென்று ஏதாவது பொடி, மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேனா என்று கேட்டார், அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கை கால் மெலிந்து வயிறும் முகமும் ஊதும் என்பதால். பெண்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும் என்றார். எடை குறையும்போதே வயிறு உப்பிக்கொண்டு போனால், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டால், ஸ்கேன் பார்த்து சினைப்பையில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் டயட் புத்தகம் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றின் நடுத்தசை விலகியே நின்றுவிட்டவர்களுக்கும் எடை குறைந்தாலும் வயிறு முன்னால் தள்ளியே இருக்கும். அங்கே குறைய வேண்டியது கொழுப்பு இல்லை, அதற்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது.

எனக்கு இது ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனைதான் ஆச்சரியம். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு டிசம்பரில் 214, ஜூனில் 146. மூன்று மாசச் சராசரி சுகரைக் காட்டுகிற எச்பிஏ1சி 6.1 இலிருந்து 5.8. வெளியே ஆறு மில்லிமீட்டர் கூடத் தெரியாத வயிற்றுக்கு உள்ளே என்னவோ நடந்திருக்கிறது.

வயிற்றில் கொழுப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. தோலுக்கு அடியில் கையால் பிடிக்க முடிகிறது ஒன்று, உள்ளே குடலைச் சுற்றி இருப்பது இன்னொன்று. உள்ளே இருப்பது சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும், ஆபத்தும் அதில்தான் அதிகம், அதே காரணத்தால் சாப்பாட்டைக் குறைத்தால் அதுவும் கல்லீரல் கொழுப்பும் பெரும்பாலும் முந்திக் குறையும். கையில் பிடிபடுகிற அந்த மடிப்பு இருக்கிறதே, அது வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி, கடைசியாகத்தான் கிளம்பும். ஆண்களுக்கு அடிவயிறு, பெண்களுக்கு இடுப்பு, தொடை.

இதில் நம் ஊர் உடம்புக்கு ஒரு தனிக் கதை உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் 2004 இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டு ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ அச்சு அசலாக ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு மட்டும் ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம் ஆளுக்கு 21.2. ஒரே பிஎம்ஐ, இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் நடுவில் சேர்கிறது. அதனால்தான் நமக்கு இடுப்பு எல்லையும் இறக்கி வைத்திருக்கிறார்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. அமெரிக்காவில் ஆணுக்கு 102 வரை போகும். சென்னையைத் தலைமையிடமாக வைத்து நடந்த ஐசிஎம்ஆர் இண்டியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வின் 2023 முடிவில் பொதுவான உடல் பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். அதாவது எடையில் தப்பித்து வயிற்றில் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஏற்கெனவே தசை கம்மியான கூட்டத்தைச் சேர்ந்த நான், இருந்த கொஞ்சத்தையும் ஓட்ஸ் கஞ்சி குடித்துக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கே அளப்பது என்பதில் இன்னும் கொஞ்சம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடு. மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு, டேப் தரைக்கு இணையாக, அழுத்தாமல். நான் தொப்புளையே வைத்துக்கொண்டேன், பழைய 103 அங்கே எடுத்தது என்பதால். எந்த இடம் என்பதைவிட எப்போதும் அதே இடம் என்பது எனக்கு உதவியது. ஒரு வாரம் காலை, ராத்திரி இரண்டு வேளையும் அளந்தேன்: காலையில் 98.5 முதல் 99.5 வரை, ராத்திரி 101 கூட வந்தது, ஒரு கல்யாணப் பந்தி முடிந்த அன்று 102. ஒரே நாளில் மூன்று செ.மீ. ஆடுகிற ஒன்றை மாசம் ஒருமுறை நினைத்த நேரத்தில் அளந்தால் குறைந்ததும் தெரியாது, ஏறியதும் தெரியாது. காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில், வாரம் மூன்று நாள், சராசரி, அவ்வளவுதான். இதற்கு நடுவில் உடல் கொழுப்பையும் உள் கொழுப்பையும் காட்டும் என்று ஒரு டிஜிட்டல் எடை மெஷின் வாங்கினேன், பணம் தண்டம். இரண்டு காலையும் வைத்து நிற்கிற அந்த வகையில் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது, வயிற்றை அது பார்க்கிறது என்பதைவிட ஊகிக்கிறது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு நின்றால் எண் மாறும்.

வயிற்றுப் பயிற்சி? அதையும் செய்து பார்த்தேன், ஏப்ரலில், தினம் நூறு தடவை படுத்து எழுந்தேன். வயிறு கெட்டியானது, மேலே இருந்த மெத்தை அப்படியே. 1971 இல் டென்னிஸ் வீரர்களின் இரண்டு கையையும் அளந்து பார்த்த ஒரு ஆய்வு உண்டு: ஆடுகிற கை தடித்திருந்தது, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பின் கனம் இரண்டு கையிலும் வித்தியாசமில்லை. வருஷக்கணக்காக மட்டை சுழற்றியவர்களுக்கே அப்படி. 2011 இல் ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்ய வைத்துப் பார்த்தார்கள், வயிற்றுக் கொழுப்பு அசையவில்லை.

ஜூன் பத்தாம் தேதி மாற்றினேன். கலோரியை 1,200 இலிருந்து சுமார் 1,650 க்கு ஏற்றினேன். இதற்கு எனக்குத்தான் தைரியம் வரவில்லை, மனைவிதான், "ஏங்க, இருக்குற தசையையும் தின்னுட்டு எதை வச்சு நடப்பீங்க" என்று தள்ளினாள். காலை மூன்று முட்டை, இட்லி இரண்டே. மதியம் சாம்பாருக்குப் பதில் கெட்டிப் பருப்பு, கூட்டு, தயிர். வாரம் நாலு நாள் 150 கிராம் கோழி அல்லது மீன், மற்ற நாள் 50 கிராம் மீல்மேக்கர், அதில் மட்டும் 25 கிராம் புரதம், விலையும் சல்லிசு. சாயங்காலம் கொண்டைக்கடலை சுண்டல். கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 85, 90 கிராம் புரதம் வருகிறது. பயிற்சி வாரம் மூன்று நாள்: தண்டால், பஸ்கி, இரண்டு டம்பெல். முதலில் தண்டால் சுவரில் கை வைத்துத்தான், ஐந்து. செப்டம்பரில் தரையில் பதினெட்டு.

அப்புறம் நடந்தது முதல் பாதிக்கு நேர் எதிர். எடை நகரவே இல்லை. ஜூலையில் 71.9 க்கு ஏறிக்கூடப் போனது, அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. அக்டோபர் முதல் வாரம் 70.6. நாலு மாசத்தில் 800 கிராம், எடை மெஷினை மட்டும் நம்பியிருந்தால் படுதோல்வி. தொப்புள் நேர் அளவு 99 இலிருந்து 95. முதல் ஐந்து மாசத்தில் எட்டுக் கிலோ கொடுத்து வாங்கிய அதே நாலு செ.மீ., இந்தமுறை கிட்டத்தட்ட இலவசமாக. முழுக்கக் கொழுப்புதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், நார்ச்சத்து கூடி மலச்சிக்கல் போனதில் ஒரு செ.மீ. இருக்கலாம், நிமிர்ந்து நிற்கப் பழகியதிலும் கொஞ்சம். மாடிப்படி நடுக்கம் போய்விட்டது. எல்லை 90, அதற்கு இன்னும் ஐந்து இருக்கிறது. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும் என்ற கணக்குப்படி 84, அது இந்த ஜென்மத்தில் நடக்குமா என்று சந்தேகம்தான்.

தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு டெய்லர் அண்ணனிடம் போனேன். நோட்டில் என் பக்கத்தில் மூன்றாவது தேதி போட்டு எழுதினார்: இடுப்பு 35¼, சீட் 39½, தொடை 23½. தொடை அரை இஞ்ச் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், மறுபடி ஏத்திட்டீங்களா?" என்றார். ஜூனில் அவர் பிடித்துக் கொடுத்த நாலு பேன்ட்டையும் மறுபடி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார், இப்போது இடுப்பில் பிடிக்க, தொடையில் விட. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.